மோதி பாக் தோட்டமும் அம்மாவின் வாடாமல்லியும்

பிங்க் லைன் மெட்ரோவுல எங்க ஸ்டேஷன் பேரை முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ளே அடுத்த ஸ்டேஷன் வந்துரும். 'சர் விஸ்வேஸ்வரய்யா மோதி பாக்'. 2018-லே திறந்தது. அங்கே இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தா எங்க வீடு. பேங்க் எடுத்துக் கொடுத்த வாடகை வீடு, தரைத்தளம், முன்னாலே இருபதுக்குப் பன்னிரண்டு அடியிலே கொஞ்சம் மண். இந்த மண்ணைப் பத்தித்தான் இன்னிக்குப் பேச்சு.

நான் படிச்சது பி.காம். செடிகொடியிலே எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நாகர்கோவில் வீட்டுல இருந்த செம்பருத்தி, பிச்சி, ஒரு கறிவேப்பிலை. அதெல்லாமும் அம்மா வளர்த்தது. அம்மா தொடுத்துக் கொடுப்பாங்க, நான் தலையிலே வச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவேன். தோவாளை பூச்சந்தை பக்கத்துலேயே இருந்ததாலே பூவுக்குப் பஞ்சம்னா என்னன்னே தெரியாம வளர்ந்தவ நான்.

2021 ஜூன்ல டெல்லிக்கு மாற்றல். ஆகஸ்டுல அப்பா போயிட்டார். காரியத்தன்னிக்கு அத்தைமாரும் சித்திமாரும் அம்மாவுக்குத் தலை நிறைய பிச்சிப்பூ வச்சாங்க, அப்புறம் எடுத்தாங்க. நான் அந்த ரூமுக்குள்ளே போகல. வாசல்ல நின்னேன். நவம்பர்ல அம்மாவை டெல்லிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. நானும் வீட்டுக்காரரும் ஆபீஸ், மகள் ஸ்கூல். பகல் பூரா தனியா இருக்கற அம்மாவுக்கு என்ன செய்யலாம்னு யோசிச்சு, ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போயிட்டு வர்ற வழியிலே ஒரு மல்லிச் செடி வாங்கிட்டு வந்து தொட்டியிலே வச்சேன். அம்மா அது பக்கமே போகல. தண்ணியும் ஊத்தல. மல்லி டெல்லிக் குளிர்ல எப்படியும் பூக்காதுங்கறது எனக்கு அப்போ தெரியாது, அது வேற விஷயம். ஒரு நாள் கடையிலே கொஞ்சம் பூ வாங்கிட்டு வந்து, "வச்சுக்கோம்மா, இங்கே யாரு பாக்கப் போறா?"ன்னேன்.

"நான் பாக்கேம்லா மக்ளே" அப்படின்னு சொல்லிட்டு எழுந்து உள்ளே போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல. ஆனா வெறும் மண்ணைப் பாத்துட்டு இருக்காங்களேன்னு மனசு கேக்கல. டிசம்பர்ல நர்சரிக்குப் போய், பூத்துக் குலுங்கற தொட்டியாப் பாத்து முப்பது வாங்கினேன். பெட்டூனியா, பேன்சி, டயாந்தஸ், கலெண்டுலா. டெம்போ வாடகையோட சேத்து எவ்வளவுன்னு வீட்டுக்காரர்கிட்டே சொன்ன கணக்கு வேற, நிஜக் கணக்கு வேற. (பேங்க்ல வேலை பாக்கறவ செய்யற காரியமா இது!)

அம்மா வாசல் படியிலே உக்காந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "இதுக்கெல்லாம் மணம் உண்டா?"

"இல்லம்மா, பெரிசா ஒண்ணும் கிடையாது."

"தொடுக்கலாமா?"

"எப்படித் தொடுக்க? சும்மா பாக்கறதுக்குத்தான்."

"அப்பம் சரி"ன்னு சொல்லி இறங்கிப் போய் ஒரு பேன்சியைத் தொட்டுப் பாத்தாங்க. பூனைக்குட்டி மூஞ்சி மாதிரி இருக்குன்னாங்க. யாரும் தலையிலே வைக்காத, சாமிக்கும் போடாத பூ. அதுகிட்டே அம்மாவுக்கு ஒரு சங்கடமும் இல்லைங்கறது எனக்கு மெதுவாத்தான் புரிஞ்சுது.

அந்த வருஷத் தோட்டம் என்ன ஆச்சுன்னா... மார்ச் மாசம் பேங்க்காரங்க வீட்டுல யாரும் ஆளை எதிர்பாக்கக் கூடாது. 31-ஆம் தேதி கணக்கு முடிக்கணும். ராத்திரி பத்து மணிக்கு வந்து காலையிலே எட்டு மணிக்கு ஓடினவ, ஏப்ரல் முதல் வாரத்துல நிதானமாத் திரும்பிப் பாத்தா, முப்பது தொட்டியிலேயும் வைக்கோல். என் ராசி அப்படி. அந்த 2022 மார்ச்தான் 1901-லேர்ந்து கணக்கு எடுக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் இந்தியாவிலேயே அதிக வெயில் அடிச்ச மார்ச்னு வானிலைத் துறை சொல்லுச்சு. குளிர்காலப் பூ எல்லாம் பதினஞ்சு நாள்லே பொரிஞ்சு போச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல. மறுபடியும் வெறும் மண்ணைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

அப்போதான் ஆபீஸ் மூளை வேலை செஞ்சுது. மொத்தப் பணத்தையும் ஒரே நாள்ல ஒரே டெபாசிட்டுல போட்டா, மொத்தமும் ஒரே நாள்லே முதிர்ந்துரும். வட்டி குறைஞ்ச நேரத்துல முதிர்ந்தா அவ்வளவுதான். அதனாலே விவரமானவங்க பிரிச்சுப் போடுவாங்க: ஒண்ணு ஆறு மாசம், ஒண்ணு ஒரு வருஷம், ஒண்ணு ரெண்டு வருஷம். ஒண்ணு முடியும்போது இன்னொண்ணு கைக்கு வரும். நான் செஞ்ச தப்பு, டிசம்பர்ல ஒரே நாள்ல முப்பது டெபாசிட். வருஷம் பூரா பூக்கற செடியைத் தேடிப் பிரயோஜனம் இல்ல. எதை எது கையிலே விட்டுட்டுப் போகும்னுதான் பாக்கணும்.

எக்செல்ல பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு கட்டம் போட்டேன். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியும், வாரம் ரெண்டு நாள் வர்ற மாலியும் சொல்லச் சொல்ல நிரப்பினேன். மாலிகிட்டே ஒவ்வொண்ணுக்கும் வேற பேரு. சாமந்திக்கு குல்தாவூதி, சின்ன செண்டுப்பூவுக்கு ஜாஃப்ரி, நாய் மூஞ்சி மாதிரி வாயைப் பிளக்கற ஆண்டிரைனத்துக்கு 'டாக் ஃபிளவர்', நாத்துக்குப் பனீரி. பாதி நாள் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மொழிபெயர்ப்பாளர் செடிதான்.

நாங்க கண்டுபிடிச்ச வரிசை இது. நவம்பர், டிசம்பருக்கு குல்தாவூதி. அதுக்கு ஜூலையிலேயே தண்டு வெட்டி வச்சிரணும். கூடவே ஜாஃப்ரி, தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுக் கடுங்குளிர் வர்ற வரைக்கும் தாங்கும். அதுங்க சோந்து போற நேரத்துல, அக்டோபர் கடைசியிலே நட்ட பேன்சியும் கலெண்டுலாவும் டயாந்தஸும் கண்ணு முழிக்கும். பிப்ரவரியிலே ஃப்ளாக்ஸ், லார்க்ஸ்பர், டாலியா. மார்ச் கடைசியிலே ஹாலிஹாக். ஆன்ட்டி விதை கொடுத்தாங்க, செப்டம்பர்ல போட்டது, ஆறடிக்கு மேலே வளர்ந்து நிக்குது. மத்ததெல்லாம் கருகும்போது அது மட்டும் ஏப்ரல் வெயில்ல கம்பீரமா நிக்கும். வெறும் தொட்டியிலே மார்ச்லேயே பத்துமணிப் பூவைக் கிள்ளி நட்டு வச்சிருவோம், நம்ம டேபிள் ரோஸ்தான். எவ்வளவு வெயில் அடிக்குதோ அவ்வளவு சிரிக்கும் அது.

டாலியாவைப் பத்தி ஒரு வார்த்தை. அழகுதான், தாம்பாளம் சைஸ்ல பூக்கும். ஆனா கம்பு கட்டணும், உரம் கொட்டணும், மூணு வாரம் முழுசா சீராட்டணும். ஒரு தொட்டிக்கு மேலே வேண்டாம்ங்கறது என் கட்சி. கலெண்டுலாவை யாரும் பெரிசா மதிக்கறதில்ல, மலிவான பூ. ஆனா ஜனவரி முதல் பாதியிலே பத்தடி தள்ளி இருக்கற கேட் தெரியாத மூடுபனியிலே, அந்த ஆரஞ்சும் மஞ்சளும்தான் தெரியும். ஊதா பேன்சி எல்லாம் பனியிலே காணாமப் போயிரும். முதல் வருஷம் ஊதாவா வாங்கிக் குவிச்சிருந்தேன்! குளிர்நாட்டுல இருக்கறவங்க வெயில் குறைஞ்ச பக்கத்துக்கு வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சுன்னு எடுங்க. கருஞ்சிவப்பும் ஊதாவும் நல்ல வெளிச்சத்துக்குத்தான் லாயக்கு.

இன்னொண்ணு, வாடின பூவை அன்னன்னிக்குக் கிள்ளிரணும். விதை பிடிச்சிட்டா இந்த ஒருவருஷச் செடிகளுக்கெல்லாம் வந்த வேலை முடிஞ்சுது, பூக்கறதைக் குறைச்சிரும். கிள்ளிக்கிட்டே இருந்தா மறுபடி மறுபடி மொட்டு விடும். இந்த வேலையை அம்மா எடுத்துக்கிட்டாங்க. யாரும் சொல்லல. நாற்பது வருஷம் விடியக்காலையிலே பிச்சி மொட்டு பறிச்ச கை அது. ஸ்வெட்டர், அதுக்கு மேலே சால்வை, காதுக்கு மஃப்ளர் எல்லாம் கட்டிக்கிட்டு, குர்ப்பியும் கையுமா ஒன்பது மணி வெயிலுக்குத் தோட்டத்துல இறங்கினா பதினோரு மணி வரைக்கும் வரமாட்டாங்க. கடுகுப் புண்ணாக்கை ஒரு வாரம் ஊற வச்சு, டீ நிறத்துக்குத் தண்ணி கலந்து ஊத்தறதை மாலிகிட்டே கத்துக்கிட்டாங்க. அந்த நாத்தத்துக்கு என் மகள் மூக்கைப் பொத்திக்கிட்டு ஸ்கூலுக்கு ஓடுவா.

2023 பிப்ரவரியிலே அம்மாவை ராஷ்டிரபதி பவன் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். முகல் கார்டன்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்ததுக்கு அந்த ஜனவரியிலேதான் அம்ரித் உத்யான்னு பேர் மாத்தியிருந்தாங்க. அங்கே பாத்த பூ எல்லாம் எங்க வீட்டுல இருந்ததுதான், என்ன, நாங்க பத்து வச்சிருந்தா அங்கே பத்தாயிரம். தோட்டத்தை வரைஞ்சவர் லட்யன்ஸ். செடிகளைப் பாத்துக்கிட்டவர் மஸ்டோன்னு ஒரு தோட்டக்கலை அதிகாரி. ஸ்வீட் பீ, லார்க்ஸ்பர், ஹாலிஹாக் எல்லாம் இங்கிலாந்துல ஜூன், ஜூலையிலே பூக்கறது. வெள்ளைக்காரங்க தங்க ஊர்க் கோடைக்காலத்தை டெல்லிக் குளிர்காலத்துல நட்டுக்கிட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு. அவங்களுக்கும் ஊர் ஞாபகம் இருந்திருக்கும்தானே!

லட்யன்ஸ்கூட இங்கிலாந்துல நிறைய தோட்டங்கள்லே சேந்து வேலை செஞ்ச ஒரு அம்மா இருந்தாங்க, கெர்ட்ரூட் ஜீக்கில்னு பேரு. தோட்டத்துல நிறங்களை எப்படிச் சேக்கணும்னு 1908-லேயே புஸ்தகம் போட்டவங்க. கண்பார்வை ரொம்ப மோசம் அவங்களுக்கு. அவங்க ஒரு தந்திரம் பண்ணுவாங்க: பாப்பிச் செடி பூத்து முடிஞ்சு அசிங்கமா காயற நேரத்துல, பின்னாலே வளர்ற ஜிப்ஸோஃபிலாவை அது மேலே படரவிட்டு மறைச்சிருவாங்க. அதுவும் பழுப்பாகறப்போ நஸ்டர்ஷியம் கொடியை அது மேலே இழுத்து விடுவாங்க. ஒரே இடம், மூணு ஆட்டம். இதை நான் சொன்னப்போ அம்மா, "வாழைக்கு ஊடால உளுந்து போடுற மாதிரிதானே"ன்னாங்க. அவ்வளவுதான் விஷயம்.

புல்லுக்கு வருவோம். எங்க முன்பக்கம் பாதி புல்தரை. இங்கே 'தூப்'ம்பாங்க. அது வேற ஒண்ணும் இல்லை, நம்ம அருகம்புல்! அம்மா வந்த புதுசுல இதைக் கண்டுபிடிச்சிட்டு, "எம்புட்டு அருகம்புல்லு, எல்லாரும் செருப்புக் காலோட மிதிக்காவளே!"ன்னு பதறிட்டாங்க. சங்கடஹர சதுர்த்திக்கு லான்ல உக்காந்து புல் பறிச்ச ஒரே மாமியார் எங்க தெருவுல அம்மாவாத்தான் இருப்பாங்க. ஆன்ட்டி முதல்ல புல்லைப் பிடுங்கறாங்கன்னு பயந்துட்டாங்க. விஷயம் தெரிஞ்சதும் அவங்களே ஒரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தாங்க.

அருகம்புல் வெயிலுக்குப் பிறந்தது. ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பிச்சா வளராது, வெளுத்துப் பழுப்பாயிரும். செத்துப் போச்சுன்னு நினைச்சு நான் முதல் வருஷம் தண்ணியாக் கொட்டினேன். சாகல, தூங்குது. குளிர்லேயும் பச்சை வேணும்னா அக்டோபர்ல அது மேலேயே ரை புல் விதையைத் தூவணும். மார்ச் முடிய அது பச்சையா இருந்துட்டு வெயில் வந்ததும் போயிரும், கீழேர்ந்து அருகம்புல் எழுந்துக்கும். நான் ஒரு வருஷம் தூவிப் பாத்துட்டு விட்டுட்டேன். பழுப்புப் புல்லுக்குப் பக்கத்துல கலெண்டுலா ஆரஞ்சு இன்னும் எடுப்பாத் தெரியுது.

அலங்காரப் புல் வைக்கலாம்னு ஆசைப்பட்டு ஒரு தப்பும் பண்ணேன். செப்டம்பர், அக்டோபர்ல யமுனைப் பாலத்தைத் தாண்டும்போது ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு 'காஸ்' பூத்து நிக்கும், நம்ம நாணல். ஒரு பிடி கொண்டு வந்து மூலையிலே நட்டேன். வேர் கீழேயே ஓடி அடுத்த மழைக்கு டயாந்தஸ் பாத்திக்குள்ளே முளைச்சுது. பிடுங்கி எறியறதுக்குள்ளே மாலி என்னைத் திட்டின திட்டு! இப்போ ஃபவுண்டன் கிராஸ் ரெண்டு குத்து, வெட்டிவேர் ஒரு குத்து. வெட்டிவேர் இருந்த இடத்துலேயே இருக்கும், ஓடாது. அம்மா அதை ராமச்சம்னுதான் சொல்வாங்க. குளிர்ல காஞ்சாலும் வெட்டாம விட்டிருக்கோம், காலைப் பனி அதுல முத்து முத்தா நிக்கும். டச்சுக்காரர் பீட் அவுடால்ஃப், நியூயார்க் ஹை லைன் பூங்காவுக்குச் செடி தேர்ந்தெடுத்தவர், காஞ்ச தண்டையும் விதைத்தலையையும் குளிர் முடியற வரைக்கும் அப்படியே நிக்க விடற ஆள். லண்டன், டொரண்டோ பக்கம் இருக்கறவங்களுக்கு மிஸ்காந்தஸ், கலமக்ராஸ்டிஸ் மாதிரி புல் இதுக்கு நல்லா ஒத்துவரும். பூ முடிஞ்சப்புறம் மூணு நாலு மாசம் பொன்னிறமா நின்னு கொடுக்கும். பனி உருகி வசந்தம் எட்டிப் பாக்கறப்போ ஒரே வெட்டு.

இவ்வளவு செஞ்சும் என் எக்செல்ல ஒரு ஓட்டை இருந்துச்சு. ஜூனுக்கு அப்புறம் பத்துமணிப் பூ மழையிலே அழுகிரும். குல்தாவூதி வர நவம்பர் ஆகும். நடுவுல நாலு மாசம் வெறும் பச்சை. 2023 கோடையிலே அம்மா ஊருக்குப் போயிட்டு வந்தப்போ, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாங்க. பஞ்சு மாதிரி விதை. வாடாமல்லி.

"ஒனக்க ஓட்டைக்கு இது போறாதா?"

போதும். சரியாப் பொருந்துச்சு. வாடாமல்லிக்குச் சூடு வேணும், ஈரம் பரவாயில்ல. கொஞ்சம் தாமதமா போட்டும் அந்த ஆகஸ்ட்லேயே பூத்தது. அடுத்த வருஷம் ஏப்ரல்லே விதைச்சோம், ஜூன் கடைசியிலேர்ந்து நவம்பர் குளிர் வர்ற வரைக்கும் நிறுத்தவே இல்ல. நாம பூன்னு நினைக்கற அந்த ஊதா உருண்டை பூவிதழே இல்லை, காகிதம் மாதிரி காஞ்ச செதில். அதனாலேதான் பறிச்சு மாசக்கணக்குல வச்சாலும் நிறம் போறதில்ல. குளிர்காலத்துக்கு இதே குணம் இருக்கற பூ ஸ்ட்ரா ஃபிளவர், ஆஸ்திரேலியாவிலேர்ந்து வந்தது, மாலி 'பேப்பர் ஃபிளவர்'ம்பார். அதுவும் எங்க பாத்தியிலே வந்தாச்சு. டொரண்டோவுல வாடாமல்லி வேணும்னா வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் முளைக்க வச்சு, மே மாசம் விக்டோரியா டே விடுமுறை தாண்டினப்புறம் வெளியே நடுங்க. உறைபனி ஒரு ராத்திரி பட்டாப் போதும், கதை முடிஞ்சுது.

2024 அக்டோபர் கடைசி. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மூணு நாள். டெல்லிப் புகை வழக்கம்போல கண்ணைக் கரிக்குது. மாலி பேன்சி நாத்தோட வந்துட்டார். வாடாமல்லியைப் பிடுங்கினாத்தான் பாத்தி காலியாகும். குர்ப்பியை எடுத்தவரை அம்மா கையைக் காட்டி நிறுத்தினாங்க. 'கல்'லுன்னாங்க. நாளைக்குங்கறதுக்கு அவங்களுக்குத் தெரிஞ்ச ஹிந்தி அது.

நான் சாயங்காலம் வரும்போது செடியிலே ஒரு பூ இல்ல. அம்மா வாசல் படியிலே ஒரு சம்படம் நிறைய வாடாமல்லியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இங்கே வாழைநாருக்கு எங்கே போறது? என் தையல் பெட்டியிலேர்ந்து வெள்ளை நூலை எடுத்து, கால் கட்டைவிரல்ல மாட்டி, தொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா போய் மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. நான் செருப்பைக் கழட்டறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன்.

மாலையை அப்பா படத்துக்குப் போட்டாங்க. "வாரா வாரம் மாத்தாண்டாம், கெடக்கும்"னாங்க. மிச்சம் ஒரு சாண் இருந்துச்சு. அதைக் கையிலே வச்சு அளந்து பாத்துட்டு என் மகளைக் கூப்பிட்டாங்க. அவளுக்கு பாப் கட், எங்கே செருக? திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மணிக்கட்டுல சுத்தி முடிச்சு போட்டுவிட்டாங்க. அவ அதோடேயே டியூஷனுக்கு சைக்கிள் எடுத்துட்டுப் போனா.

மறுநாள் காலையிலே மாலி வந்து பேன்சி நட்டுட்டுப் போனார். இந்தத் தடவை மஞ்சளும் வெள்ளையும்தான்.